ஜனவரியில் தண்ணீர் எப்படி வந்தது?

சாலை இலக்கியத்தை வியந்து பேசும் நண்பர்களிடம் அண்மைக்காலமாக நாங்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுவருகிறோம். ஜனவரி மாதத்தில் அந்த வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? கேட்ட மாத்திரத்தில் எதிரிலிருப்பவர் முகத்தில் ஒரு சலிப்பு தோன்றும். விடுதலை, தனிமை, தொடுவானம் என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் பிளம்பர் வேலையை எதற்கு இழுத்து வருகிறீர்கள் என்னும் சலிப்பு. அந்தச் சலிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

அமெரிக்கர்கள் ஆர்.வி. என்று சுருக்கி அழைக்கும் வண்டிவீடுகளைப் பற்றிய பேச்சு இது. பேருந்து போலத் தானே ஓடுபவை, பிக்கப் லாரிக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படுபவை, லாரியின் முதுகில் ஏற்றி வைக்கப்படுபவை என்று அவற்றில் பல வகை. கட்டில், அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. அந்தப் பெயரின் முதல் எழுத்து 'பொழுதுபோக்கு' என்னும் பொருள் தரும் சொல்லுக்கு உரியது. வாசக நண்பர்கள் இச்சொல்லை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். சட்டப் புத்தகத்தில் அது செய்யும் வேலையைப் பிறகு சொல்கிறோம்.

குழாய் உறைவது நம்மில் பெரும்பாலோரின் அனுபவத்தில் இல்லாத விஷயம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. குழாயின் ஓரிடத்தில் உருவான பனிக்கட்டி தக்கை போல அடைத்துக்கொண்டு வளர்கிறது. அதற்கும் மூடியிருக்கும் திருகுக்கும் இடையே அகப்பட்ட தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பு பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் நிகழும் என்பதில்லை, வெகு தள்ளிக்கூட நிகழலாம். இரவில் உடைந்தது அன்று தெரியாது. இரண்டு நாள் கழித்து வெயில் அடித்துப் பனிக்கட்டி இளகும்போது, தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டும் ஓசையில்தான் தெரியவரும்.

குளிர்நாட்டு வீடுகளில் தண்ணீர்க்குழாய் உறைபனி எட்டாத ஆழத்தில் மண்ணுக்கடியில் வருகிறது. வண்டிவீட்டுக்கு மண் கிடையாது. அதன் தரைக்குக் கீழே ஓர் இடைவெளி, அதற்குக் கீழே ஒரு மெல்லிய தகடு, அதற்கும் கீழே காற்று. அந்த இடைவெளியில்தான் குழாய்களும் தொட்டிகளும் இருக்கின்றன. தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளியலறை மற்றும் சமையலறைக் கழிவுநீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. பெரும்பாலான வண்டிகளின் சுவர்ப் பருமன் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்கும் இரவில், கீழே புகும் காற்றுக்கும் இந்த வண்டிக்கும் நடப்பதைப் போர் என்று சொல்லலாம், உவமைக்காகச் சொல்லவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் எளிய அறிவுரை ஒன்று உண்டு. குழாயை இரவு முழுவதும் மெல்லச் சொட்டவிடுங்கள், ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது என்பது. வண்டிவீட்டில் இந்த அறிவுரை குழிபறிக்கும். சொட்டும் தண்ணீர் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது, தொட்டி நிறைகிறது. நிறையாமலிருக்க வெளியேற்றும் வால்வைத் திறந்துவைத்தால் அந்த மெல்லிய ஒழுக்கு வெளிக்குழாயில் படலம் படலமாக உறைந்து, விடிவதற்குள் குழாயையே அடைத்துவிடும். கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்துவைத்தால் நீர்மம் ஓடிவிட, திடமானது தங்கி உறைகிறது. (இலக்கியப் பேச்சில் மலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சாலையில் வாழ்பவர்களின் நாளில் கணிசமான பகுதி அதை அப்புறப்படுத்துவதில்தான் போகிறது. உங்கள் ஆசிரியர்கள் அதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.) ஆகவே அனுபவம் உள்ளவர்கள் வால்வுகளை மூடியே வைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே எடுத்துவிடுகிறார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை பனியில் இறங்கி ஹோஸை மாட்டித் தொட்டியை நிரப்பி மறுபடி கழற்றுகிறார்கள். ஹோஸை மாட்டியே வைக்க வேண்டுமானால் மின்சாரத்தில் சூடாகும் நாடாவை அதன்மேல் ஓட்டி, ஃபோம் உறை போட்டு மூட வேண்டும். அப்போது மின்சாரம் நின்றால் தண்ணீரும் நிற்கும்.

இதைவிடக் கொடிய முரண் ஒன்று இருக்கிறது. வண்டியின் ஃபர்னஸ் புரோப்பேன் வாயுவில் எரிந்து, சூடான காற்றை விசிறியால் தள்ளுகிறது. பல வண்டிகளில் அந்தக் காற்றின் ஒரு பகுதி அடித்தளத்து இடைவெளிக்கும் போகும்படி அமைத்திருக்கிறார்கள். புரோப்பேன் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கி அறைக்குள் வைக்கிறார். அறை கதகதப்பாகிறது. அறை சூடானதும் ஃபர்னஸ் நின்றுவிடுகிறது. ஃபர்னஸ் நின்றதால் அடித்தளத்துக்குப் போன சூடும் நின்றுவிடுகிறது. மேலே சட்டையோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்; கீழே குழாய் கல்லாகிக்கொண்டிருக்கும். உடலுக்கு வேண்டிய சூடும் தண்ணீருக்கு வேண்டிய சூடும் ஒன்றல்ல என்பதை இம்மக்கள் ஒவ்வொருவரும் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமையலுக்கும் சூட்டுக்கும் பயன்படும் 20 பவுண்டு சிலிண்டர், அதாவது சுமார் 9 கிலோ. அதில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 4,30,000 பி.டி.யு. மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 14 மணி நேரத்தில் சிலிண்டர் காலி. பாதி நேரமே ஓடினாலும் ஒன்றேகால் நாள் தாங்காது. புரோப்பேன் கொதிப்பது சுழியத்துக்குக் கீழே 42 பாகையில். குளிர் அந்த எல்லையை நோக்கி நகர நகரச் சிலிண்டருக்குள் வாயுவின் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். சூடு அதிகம் வேண்டிய இரவில்தான் வாயு தயங்குகிறது. விசிறியை ஓட்டுவது பேட்டரி, அதுவும் குளிரில் சோர்ந்துபோகும். வெளி மின்சாரம் இல்லாத இடத்தில் பேட்டரி நள்ளிரவில் தீர்ந்தால், சிலிண்டர் நிறைய வாயு இருந்தும் சூடு கிடையாது.

பணம் இல்லாதவர் அடுத்து என்ன செய்வார்? புகைபோக்கி இல்லாத சிறிய வாயு ஹீட்டரை உள்ளே கொளுத்துவார். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. பள்ளிக்கூட வேதியியல் இது. ஒரு சிலிண்டர் தீரும்போது ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீர் அந்தச் சின்ன அறையின் சுவரிலும் சன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் படிந்திருக்கும். பூஞ்சை வரும். அதைத் தவிர்க்கச் சன்னலைத் திறந்தால் குளிர் வரும். மூடிவைத்தால் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு வரும், அது விடியலைப் பார்க்கவிடாது. எந்தப் பயணநூலின் எந்த அத்தியாயத்தில் இந்தச் சன்னல் இருக்கிறது?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். மொழியில் அக்கறை உள்ளவர்களுக்கு அது சுவையாக இருக்கும். ஆங்கிலத்தில் 'வின்ட்டரைஸ்' என்றொரு வினைச்சொல் உண்டு. வீட்டைப் பற்றிச் சொன்னால், இடுக்குகளை அடைத்து, கூரைக்கடியில் பஞ்சு பரப்பி, குளிர்காலத்தில் மனிதர் உள்ளே வாழ ஆயத்தம் செய்வது என்று பொருள். அதே சொல்லை வண்டிவீட்டைப் பற்றிச் சொன்னால், தொட்டிகளை வடித்து, கம்ப்ரசரால் குழாய்களை ஊதிக் காயவைத்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் செலுத்தி, கதவைப் பூட்டிவிட்டு வசந்தம் வரும்வரை போய்விடுவது என்று பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் குடியிருக்கச் சொல்கிறது, இன்னோரிடத்தில் வெளியேறச் சொல்கிறது. வண்டிவீட்டைச் செய்தவர்கள் குளிர்காலத்தில் அதில் யாரும் இருக்கப்போவதில்லை என்று எண்ணித்தான் செய்தார்கள் என்பதற்கு இந்தச் சொல்லைக் காட்டிலும் வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இப்போது நம் ஆசிரியர்களிடம் வருவோம். ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் 'ரோசினான்டே' என்று பெயரிட்ட லாரி-வீட்டில், சார்லி என்னும் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்து 1962-இல் நூலாக எழுதினார். சாலை இலக்கியத்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்நூலைத் தாண்டிப் போவதில்லை. அவர் புறப்பட்டது செப்டம்பரில், இலையுதிர்காலத்தில். பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010-இல் அதே வழியில் போய், ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்டைன்பெக் பல இரவுகளை விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் கழித்திருக்கிறார், பயணத்தில் கணிசமான நாட்கள் மனைவியும் உடன் இருந்திருக்கிறார் என்று எழுதினார். புனைவு கலந்துவிட்டதற்காக நாங்கள் ஸ்டைன்பெக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வருத்தம் வேறு. 1939-இல் 'கோபத்தின் கனிகள்' எழுதிய கை இது. அந்நாவலின் முடிவில் ஜோட் குடும்பம் ரயில்பெட்டி ஒன்றில் குடியிருக்க, வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. அப்படிப்பட்ட வீட்டைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அவர் அறியாதவரல்லர். தம்முடைய சுற்றுலாவை எழுதும்போது அதை மறந்துவிட்டார், அல்லது பருவம் அதை மறக்க அனுமதித்தது. ரோசினான்டே இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. நல்ல வேளை, சலினாஸில் உறைபனி அபூர்வம்.

அடுத்து 'நோமட்லேண்ட்'. ஜெஸிகா ப்ரூடரின் நூல் 2017-இல் வந்தது. க்ளோயி ஷாவ் எடுத்த திரைப்படம் 2020-இல் வெனிஸில் தங்கச் சிங்கத்தையும் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றது. நூல் நேர்மையானது. கிடங்கு வேலையின் களைப்பையும் கூலியையும் அது மறைக்கவில்லை. படத்தின் தொடக்கத்திலும் நெவாடாவின் குளிர் இருக்கிறது, வேனுக்குள் போர்வையில் சுருண்டிருக்கும் ஃபெர்ன் இருக்கிறாள். ஆனால் அந்த வேனில் கழிப்பறை என்பது ஒரு வாளி. குழாய் இல்லாத வண்டியில் உறைவதற்குக் குழாய் இல்லை. படம் குளிரை ஒரு தனி உடல் தாங்கிக்கொள்ளும் சோதனையாகக் காட்டிவிட்டு, பொன்னிற மாலை ஒளிக்குப் போய்விடுகிறது. குளிரில் உடலை ஒடுக்கிக்கொள்ளலாம், அதில் கவித்துவம் கூட வரும். மூன்று பேர் குளித்து, சமைத்து, துணி துவைத்து வாழும் வண்டியின் உடைந்த குழாயில் கவித்துவம் கிடையாது. அது பழுதுச் செலவு. அழகியல் அந்த இடத்தில் கேமராவைத் திருப்பிக்கொள்கிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சட்டம் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தப்படும் வீடுகளுக்கு அமெரிக்க மத்திய அரசு 1976 முதல் கட்டுமானத் தரவிதி வைத்திருக்கிறது. நாட்டைக் குளிர் மண்டலங்களாகப் பிரித்து, இந்த மண்டலத்தில் சுவரும் கூரையும் இவ்வளவுக்குமேல் சூட்டை இழக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வண்டிவீடு அந்த விதிக்குள் வராது. வீட்டுவசதித் துறை 2018-இல் அந்த விலக்கைத் தெளிவுபடுத்தி மீண்டும் எழுதியபோதும், இது பொழுதுபோக்குக்கான வண்டி, நிரந்தரக் குடியிருப்பாக வடிவமைக்கப்பட்டதல்ல என்பதே அடிப்படை. தீப்பாதுகாப்புக்கும் எரிவாயுவுக்கும் தரவிதிகள் உண்டு, அவை வேண்டியவையே. ஆனால் விற்பனை விளம்பரங்களில் பளிச்சிடும் 'நான்கு பருவ வண்டி' என்னும் தொடருக்குச் சட்டம் வகுத்த பொருள் எதுவும் இல்லை. எவரும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளலாம். பொழுதுபோக்கு என்று பெயர் சூட்டிவிட்டால் போதும், உள்ளே இருப்பவர் எப்போதும் விடுமுறையில் இருப்பவராகிவிடுகிறார். விடுமுறையில் இருப்பவருக்குக் குளிர்ந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டுமே! அவருக்கு வேறு வீடு இல்லை என்பதைச் சட்டம் பார்க்க வேண்டியதில்லை. நம் சாலை இலக்கியமும் பார்ப்பதில்லை. இருவரும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கிறார்கள்.

வடக்கு டகோட்டாவின் வில்லிஸ்டன் நகரம் இதற்கு நல்ல சான்று. 2008-ஐ ஒட்டித் தொடங்கி 2014-இன் இறுதியில் எண்ணெய் விலை சரியும்வரை நீடித்த பாக்கன் எண்ணெய்ப் பெருக்கத்தில், வேலை தேடி நாடெங்குமிருந்து ஆட்கள் அங்கே வந்து குவிந்தார்கள். சிறுநகரத்தில் வீடுகள் இல்லை. இருந்தவற்றின் வாடகை 2014-இல் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் மிஞ்சியதாகச் செய்திகள் வந்தன. ஆகவே வண்டிவீடுகள். சுழியத்துக்குக் கீழே 30 பாகைவரை இறங்கும் ஊரில், வண்டியைச் சுற்றி ஃபோம் பலகையோ வைக்கோல் கட்டோ அடுக்கி (இதற்குத் தொழில்மொழியில் பாவாடை கட்டுதல் என்று பெயர், வைக்கோலுக்கு எலியும் தீப்பொறியும் பகை) பனிக்காலங்களைக் கழித்தார்கள். அதே ஆண்டுகளில் அந்த எண்ணெய் வயல்களில் எண்ணெயோடு மேலே வந்த இயற்கை வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குழாய்பதித்துக் கொண்டுபோக வசதியில்லை என்று, திறந்த வெளியில் கொளுத்தப்பட்டது. அந்தச் சுடர்கள் செயற்கைக்கோள் படங்களில் பெருநகரம் போல ஒளிர்ந்தன. தொடுவானம் முழுக்க வாயு எரிந்துகொண்டிருக்க, அதைத் தோண்டியவர்கள் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்ஸி மாஸின் 'தி ஓவர்நைட்டர்ஸ்' ஆவணப்படம் (2014), தங்க இடமின்றி வந்தவர்களைத் தம் தேவாலயத்தில் தங்கவிட்ட பாதிரியார் ஒருவரையும், அக்கம்பக்கத்தாரின், நகராட்சியின் எதிர்ப்பையும் காட்டுகிறது. 'நோமட்லேண்ட்' பற்றிப் பேசிய வாய்களில் பத்தில் ஒன்றுகூட இதைப் பேசியதாக எங்களுக்கு நினைவில்லை.

இன்னொன்று. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் வந்து மின்சாரம் நின்றுபோனது. நல்ல வீடுகளிலும் குழாய்கள் வெடித்தன, கூரை வழியே தண்ணீர் கொட்டியது. மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். அதைப் பேரிடர் என்றார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் டகோட்டாவிலும் மொன்டானாவிலும் வண்டிவீட்டுக் குழாய் உறையும்போது அதற்குக் கிடைக்கும் பெயர் அறியாமை. ஏன் பாவாடை கட்டவில்லை, ஏன் நாடா சுற்றவில்லை, ஏன் இந்த வண்டியை வாங்கினாய் என்று கேள்விகள் வரிசைகட்டும். சுவருக்குள் இருக்கும் குழாய் உடைந்தால் இயற்கையின் குற்றம், சக்கரத்தின்மேல் இருக்கும் குழாய் உடைந்தால் குடியிருப்பவரின் குற்றம்.

அது அவர்களே தேர்ந்துகொண்ட வாழ்க்கை என்ற வாதத்தை எதிர்பார்க்கிறோம். தேர்ந்துகொண்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைநிலத்துக்குப் பறவைகள் போலக் குளிர்காலத்தில் இடம்பெயரும் ஓய்வுபெற்றவர்களுக்கு, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அரசே நிலம் ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கட்டும். குளிரை விரும்பி அதே வண்டியில் அலாஸ்காவில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கைத்திறனைக் கண்டு நாங்கள் வியந்திருக்கிறோம். ஆனால் "குளிர்ந்தால் தெற்கே போக வேண்டியதுதானே" என்று நம் இலக்கிய நண்பர் ஒருவர் சொன்னபோது, எங்களில் இருவர் நேரில் கண்ட ஒரு காலையைச் சொல்ல வேண்டியிருந்தது.

தெற்கு டகோட்டாவின் மேற்கே, ஒரு ஜனவரியில், நெடுஞ்சாலையோர விடுதியில் தங்கியிருந்தோம். பக்கத்தில் வண்டிவீடுகள் நிறுத்தும் மைதானம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் கதவைத் தட்டினார். தம் பக்கத்து மின்கம்பத்தில் மின்சாரம் போய்விட்டதாகவும், எங்கள் அறைக்கு வெளியிலுள்ள பிளக்கில் வயரை மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். பிறகு அவர் பனியில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் குழாயை ஓரம் ஓரமாகச் சூடு காட்டத் தொடங்கினார். திருகுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிப் போக வேண்டும், நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் குழாய் வெடிக்கும் என்று அங்கிருந்தபடியே எங்களுக்குச் சொன்னார். மனைவி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் தெற்கே போகவில்லை என்று நாங்களும் கேட்டோம், வெட்கமில்லாமல். மகள் இந்த ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள் என்றார் அந்தப் பெண். ஏழு மணிக்குத் தண்ணீர் வந்தது. அவர் எழுந்து, உடை மாற்றக்கூட நேரமில்லாமல், அப்படியே வேலைக்குப் போனார்.